பெண்ணுக்க அம்மை

சாயாத் தட்டை யார் எடுத்துக்கொண்டு போவது என்பதில் தேவகனிக்குக் குழப்பமே இருக்கவில்லை. மகள் ஷைஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே, கணவனின் தங்கை ஸ்டெல்லாபாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளே, அண்ணைக்கு நீ வந்து முன்னால நில்லு. நான் அடுக்களையில நிக்கேன்."

"அதென்ன மைனி? பெண்ணுக்க அம்மை இல்லாமலா?"

"எனக்க மொகத்தப் பாத்துட்டு ஆராவது பெண்ணெடுப்பாவளா? நீ நில்லு. பொறவு ஒரு நாளு மெதுவா சொல்லிக்கிடலாம்."

ஸ்டெல்லாபாய் அதற்குமேல் மறுத்துப் பேசவில்லை. இன்னும் ஒரு தடவை மறுத்திருக்கலாம் என்று தேவகனிக்குத் தோன்றியது.

வயதுக்கு வந்த காலத்தில்தான் தேவகனியின் மூக்கோரத்தில் அரிசிக் குருணை போல நாலைந்து முளைத்தன. பரு என்று நினைத்தார்கள். பரு என்றால் பழுக்க வேண்டும், உடைய வேண்டும். இவை பழுக்கவுமில்லை, உடையவுமில்லை. வலியும் கிடையாது. தோலின் நிறத்திலேயே பளபளவென்று கெட்டியாக இருந்தன. கல்யாணத்தன்று பவுடருக்குள் அடங்கின. ஷைஜா பிறந்த பிறகு நெற்றிக்கும் கண்ணிமைக்கும் மேலுதட்டுக்கும் படர்ந்தன. இப்போது இடது மூக்கோரத்தில் ஒன்று மட்டும் நிலக்கடலைப் பருப்பின் அளவுக்கு வளர்ந்து, எதைப் பார்த்தாலும் கண்ணின் ஓரத்தில் அதுவும் சேர்ந்து தெரிந்தது.

செய்யாத கைவைத்தியம் இல்லை. வெற்றிலைக் காம்பில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாள். குதிரைவால் முடியால் கட்டச் சொன்னார்கள். கட்டுவதற்கு அதில் காம்பு இருந்தால்தானே? மண்டைக்காட்டு அம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டால் உதிர்ந்துவிடும் என்று கூட வேலை செய்யும் தாணம்மாள் சொன்னாள். தேவகனி சி.எஸ்.ஐ. சபைக்காரி. பாட்டன் காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாத குடும்பம். இருந்தும் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டித் தாணம்மாளிடமே கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முகத்திலிருந்து ஒன்றும் உதிரவுமில்லை.

டாக்டரிடம் மட்டும் போகவில்லை. நோவில்லாத ஒன்றுக்காக ஆஸ்பத்திரியில் போய்க் காத்துக் கிடப்பதா என்பது வெளியே சொன்ன காரணம். ஒரு ஆள் விளக்கடித்து இதைப் பக்கத்தில் வந்து பார்ப்பாரே என்பது உள்ளே இருந்த காரணம். கொரோனா வந்து ஊரெல்லாம் மாஸ்க் போட்டுத் திரிந்த காலத்தில்தான் அவள் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போய் மீன் விலை பேசினாள். நோய் ஒழிய வேண்டும் என்று சபையே முழங்காலில் நின்றபோது இவளுக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. அதை நினைத்து அப்போதே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

வேர்க்கிளம்பிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை ஒன்றில் அவளுக்கு வேலை. ஊரில் அண்டியாபீஸ் என்பார்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்தி, மரக்கட்டையால் ஒரே தட்டில் பருப்பு முறியாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து கறுத்துப்போகும். அதற்காக எல்லாரும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. தேவகனிக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஜெரிஷுக்கு மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை, லீவில் வந்திருந்தான். அவன் அம்மா பூங்கனி கனத்த உடம்பும் கனத்த குரலுமாக முன்னால் வந்தாள். ரப்பர் பால் வெட்டப் போகாமல் வீட்டிலிருந்த அவள் கணவன் ராஜையன் வெள்ளை வேட்டி உடுத்து வாசலில் நின்று குடைகளை வாங்கி வைத்தான். தேவகனி அடுக்களைக் கதவை ஒட்டி நின்றாள். ஏத்தங்காய் உப்பேரியையும் அச்சுமுறுக்கையும் தட்டில் அடுக்கிக் கொடுத்தது அவள்தான். சாயாவுக்குச் சீனி போட்டதும் அவள்தான்.

ஸ்டெல்லாபாய் தட்டை நீட்டியபோது பூங்கனி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நீங்கதானா பெண்ணுக்க அம்மை?"

ராஜையன் தரையைப் பார்த்தான். ஷைஜா சேலை மடிப்பைச் சரிசெய்தாள். ஸ்டெல்லாபாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர்கள் ஆமென்று எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும் முன் ஜெபம் பண்ண வேண்டும் என்று பூங்கனி எழுந்தாள். ஸ்டெல்லாபாயின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொதிந்துகொண்டாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையப் பெத்து, நல்ல புத்தி சொல்லி வளத்தெடுத்த இந்தத் தாயை ஆசீர்வதியும்" என்று அவள் உருகி ஜெபித்தது அடுக்களைவரைக்கும் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். உள்ளே நின்ற தேவகனியின் வாயும் பழக்கத்தில் ஆமென் என்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கார் போன சத்தம் கேட்டதும் ஷைஜா உள்ளே வந்து, எச்சில் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"மாமி சிரிச்சிட்டு நின்னா. நான் என்ன செய்யட்டும்?"

"உன்ன ஆரு குத்தம் சொன்னா மக்கா? உப்பேரி எடுத்துத் தின்னாவளா அவ்வோ?"

"தின்னாவ."

"உப்பு கூடிப்போச்சோன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் அன்றைக்கு இருவரும் பேசிக்கொண்டது.

பெண்ணைப் பிடித்திருக்கிறது, லீவு முடியும் முன் சபைக் கோயிலில் வைத்து நிச்சயம் செய்துவிடலாம் என்று மறுநாளே போன் வந்தது. ஸ்டெல்லாபாய் அன்றே ஓடி வந்தாள்.

"மைனி, கோயில்ல நான் எப்பிடி நிக்க? போதகருக்கு நம்ம எல்லாரையும் தெரியுமே. பேரச் சொல்லி அப்பனையும் அம்மையையும் முன்னால கூப்பிடுவாரு. நல்ல சோலியிலயாக்கும் என்னக் கொண்டுபோய் மாட்டிவிட்டிய."

நிச்சயத்துக்குள் முகம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவகனிக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. அண்டியாபீஸில் ஒருத்தியின் விரலிலிருந்த மருவை அந்த எண்ணெய் தின்றுவிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். விரல் தோலும் முகத் தோலும் ஒன்றல்ல என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. ஒரு மருந்துக் குப்பியில் ஓட்டெண்ணெய் கொஞ்சம் பிடித்து, மடியில் சொருகி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஆளில்லாத மத்தியானம் பார்த்து, குளிமுறியில் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈர்க்கில் நுனியில் தொட்டு, மூக்கோரத்துப் பெரியதில் வைத்தாள். ஒன்றும் செய்யவில்லை. சுற்றியிருந்தவற்றிலும் வைத்தாள். நெற்றியில் வைத்தாள். கண்ணிமைக்குக் கீழேயும் வைத்தாள். கொஞ்ச நேரம் அரித்தது. பிறகு தீ பிடித்தது. கத்தினால் அக்கம்பக்கம் வந்து பார்க்கும் என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தேங்காயெண்ணெயைக் கோரிக் கோரிப் பூசியும் எரிச்சல் அடங்கவில்லை.

வேலை முடிந்து வந்த ராஜையனிடம் குளவி கொட்டிவிட்டது என்றாள். காலையில் இடது கண் திறக்கவே இல்லை. முகத்தில் பாதி கொப்புளமாகி நீர் வடிந்தது. குளிமுறியில் கிடந்த குப்பியை எடுத்து மோந்து பார்த்த ராஜையன் அதைத் தூக்கி எறிந்தான்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? கண்ணு போயிருந்தா என்னட்டி செய்வா? இத்தன வருசத்தில நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா உனக்க மொகத்தப் பத்தி?"

"சொன்னதில்ல" என்றாள் தேவகனி. "பாத்ததும் இல்ல."

ராஜையன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான்.

ஆசாரிபள்ளத்தில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் லட்சுமிப்ரியா, பூதப்பாண்டிக்காரி, சின்ன வயதுதான். நல்லவேளையாகக் கண்ணுக்குள் எண்ணெய் போகவில்லை என்றாள். வெந்த புண் முதலில் ஆறட்டும் என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்தாள். புண் ஓரளவு உலர்ந்த பிறகு மறுபடியும் வரச் சொன்னபோது ராஜையனுக்குப் பால் வெட்டு இருந்தது. தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஷைஜா லீவு போட்டுக் கூட வந்தாள்.

டாக்டர் கண்ணாடி பதித்த சின்ன விளக்கு ஒன்றை முகத்தோடு ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தேவகனி மூச்சை அடக்கிக்கொண்டு, கூரையில் சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமா இருக்கும்மா?"

"குமரியா இருக்கப்பத் தொட்டே உண்டு."

"ஏன் இதுவரைக்கும் ஒரு டாக்டர்ட்டயும் காட்டல?"

"வெக்கமா இருந்து."

"டாக்டர்ட்ட என்னம்மா வெக்கம்?"

"டாக்டர்ட்டதான் கூடுதல். மத்தவிய பாத்தும் பாக்காத மாதிரி போவாவ. நீங்க பாப்பியல்லா."

டாக்டர் விளக்கைத் தாழ்த்தினாள். மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ரிசல்ட் வந்த அன்று இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. இது புற்றுநோய் இல்ல. தோல்ல முடி முளைக்குற குழி இருக்குல்லா, அதுலருந்து வளர்ற சின்னச் சின்னக் கட்டி. ஒரு ஆள்ட்டருந்து இன்னொரு ஆளுக்கு ஒட்டாது. ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாலும் ஒட்டாது. ஆனா குடும்பத்துல வரும். உங்க அப்பா அம்மாவுக்கு இருந்துதா?"

'குடும்பத்துல வரும்' என்பதற்குப் பிறகு தேவகனிக்குக் காதில் எதுவும் சரியாக விழவில்லை.

"அப்பனுக்கு உண்டு. தாடி வச்சிருந்தாரு. ஆருக்கும் தெரியாது."

"பிள்ளைங்களுக்கு?"

"இல்ல, இல்ல. எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் கெடையாது. கண்ணாடி மாதிரியாக்கும் அவளுக்க மொகம்."

கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருந்த ஷைஜாவைப் பார்த்தாள். ஷைஜா கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்தாள். மூக்கின் இரண்டு ஓரத்தையும் அழுத்தித் துடைத்தாள். கிரீமும் பவுடரும் கரைந்துபோன இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் அரிசிக் குருணைகள் தெரிந்தன.

"எனக்கும் இருக்கு டாக்டர். அம்மைக்குத் தெரியாது."

தேவகனிக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் மகள் நாளுக்கு நாள் கூடுதல் நேரம் நிற்கத் தொடங்கியபோதே தெரியும். உறங்கும்போது டார்ச் அடித்துக்கூடப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல இருந்துகொண்டாள். மகள் பாதுகாத்து வைத்திருந்த எதையோ திருடி அகப்பட்டவள் போல இப்போது அவள் தலை குனிந்தது.

கரண்ட் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். ஒரே நாளில் முடியாது, பல தடவை வர வேண்டும். எடுத்ததே திரும்பவும் முளைக்கலாம். முளைத்தால் திரும்பவும் எடுக்கலாம். திடீரென்று பெரிதாகி வளர்ந்தாலோ புண்ணானாலோ உடனே காட்ட வேண்டும். அண்டியெண்ணெய் வெந்த இடத்தில் கறுப்புத் தழும்பு கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். "அது மட்டும் நீங்களா வச்சுக்கிட்டது" என்றாள் சிரித்துக்கொண்டு. தேவகனியால் சிரிக்க முடியவில்லை.

நிச்சயத்துக்கு நாள் குறிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஷைஜா அப்பாவையும் மாமியையும் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஜெரிஷுட்ட நான் எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

"எல்லாம்னா?" என்றாள் ஸ்டெல்லாபாய்.

"எனக்கு இருக்கது, நாளைக்கு எனக்க பிள்ளைக்கும் வரலாம்ங்கது. அண்ணைக்கு சாயா தந்தது எங்க மாமியாக்கும்ங்கது."

"கல்யாணம் முடியட்டும் மக்கா" என்று ராஜையன் கெஞ்சினான். "பொறவு சொன்னா ஒரு சிரிப்போட போயிரும்."

"அப்ப நீங்க சிரிங்கப்பா. எனக்குச் சிரிக்க முடியாது."

அவள் பின்பக்கம் போய் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடிக்கு அடியில் நின்று ஜெரிஷுடன் போனில் பேசினாள். தோல் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரித்தானாம். மஸ்கட் வெயிலில் நிற்கிறவர்களுக்கு என்னவெல்லாம் வருகிறது, இதெல்லாம் ஒரு காரியமா என்றானாம். மாமி விஷயத்தைச் சொன்னதும் சத்தமே இல்லை. அம்மையிடம் சொல்ல வேண்டுமே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டானாம்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் பூங்கனி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் தேவகனி மட்டும் இருந்தாள். கறுத்துப்போன கன்னத்தில் களிம்போடு முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"பெண்ணுக்க அம்மை உண்டுமா?"

இல்லை, வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள். தேவகனி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்."

பூங்கனி அவளை நன்றாகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு நாற்காலிக்குக் காத்திராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள்.

"நோவு உண்டா?"

"வெந்த எடம்தான் கொஞ்சம். மத்ததுக்கு நோவு கெடையாது."

"இதுக்கா ஒளிஞ்சிருந்தீங்க?"

தேவகனி மரச்சீனியின் சிவந்த தோலைக் கையில் வைத்து ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். மனசில வச்சிக்கிடாதீங்க. அண்ணைக்கு நான் ஜெபம் பண்ணும்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுக்களையில."

"கேட்டுதா?"

"கேட்டுது."

"பெத்த தாயேன்னு சொல்லி ஒருத்திக்கக் கையப் பிடிச்சிட்டு நான் ஆண்டவருட்ட கேட்டேன். கண்ணீரு விட்டுல்லா கேட்டேன். வீட்டுக்குப் போயி மத்தவியட்டயும் சொன்னேன், நல்ல குடும்பம், நல்ல அம்மைன்னு. அங்க நின்ன அத்தன பேரும் ஆமென் சொன்னிய. நீங்களும் சொன்னியளா?"

"சொன்னேன்" என்றாள் தேவகனி.

பூங்கனி தலையைக் குலுக்கிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் குறைந்து வேறேதோ வந்தது. "எனக்க மாமியாருக்கு உதடு பிளந்திருக்கும். அவ்வோதான் எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தாவ. மொகத்தப் பாத்து நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஜெபத்தில ஒரு கள்ளத்த வச்சு ஆரம்பிச்ச சம்பந்தம் எனக்கு வேண்டாம். எனக்கு அது பயமா இருக்கு. பெண்ணு நல்ல பெண்ணு. அவதானே சொன்னா. ஆனா நான் பயந்தவ."

"பிள்ளைக்க மேல குத்தம் இல்ல. நான் சொல்லித்தான் எல்லாம்."

"தெரியும்."

தண்ணீர் வேண்டுமா என்று தேவகனி கேட்டாள். பூங்கனி வாங்கிக் குடித்தாள். டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

அம்மையின் முகத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்டியாபீஸில் தாணம்மாள்கூட, "மொகத்தப் பாக்குத சனத்துக்கு மனசா தெரியும்?" என்று இரக்கப்பட்டாள். தேவகனி மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் கொட்டை தட்டுகிற கை அன்று நாலைந்து பருப்பை முறித்துவிட்டது. வாழ்க்கையில் நடந்த கேடு அத்தனைக்கும் அவள் அதுவரை முகத்தைச் சொல்லியே தப்பித்திருந்தாள். இது முகம் செய்ததல்ல. இதற்கு எந்த டாக்டரிடம் போய் விளக்கடித்துக் காட்டுவது என்று தெரியவில்லை. ஷைஜா அழுதாளா என்றும் தெரியவில்லை. அவள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். பவுடர் மட்டும் போடுவதில்லை.

புரட்டாசியில் முதல் தடவை சுட்டு எடுக்கப் போனார்கள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாள். ஊசி ஏறியபோது கண்ணில் நீர் வந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. முடி கருகுகிற நாற்றம் மட்டும் வந்தது. தேவகனி கண்ணை மூடிப் படுத்திருந்தபோது வெளியே நர்ஸ் சத்தம் போட்டுக் கேட்டாள்.

"தேவகனிக்கு ஆரு கூட வந்திருக்கது?"

"நான். எங்க அம்மையாக்கும்" என்றாள் ஷைஜா. அந்த நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

திரும்பும்போது திருவட்டாறு பஸ்ஸில் இடம் கிடைத்தது. தேவகனிக்கு நெற்றியிலும் மூக்கிலும் பிளாஸ்திரி. ஷைஜாவுக்கு மூக்கோரத்தில் மட்டும். எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த ஒருத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். தேவகனிக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது.

தலைப்பை இழுக்க முடியவில்லை. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத களைப்பில் ஷைஜா அந்தத் தோளில்தான் சாய்ந்து, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பு அவள் கன்னத்துக்கு அடியில் அகப்பட்டிருந்தது. இழுத்தால் விழித்துவிடுவாள்.

தேவகனி கையைத் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கம் போகவில்லை. பஸ் தக்கலை தாண்டி, அழகியமண்டபம் தாண்டி, வேர்க்கிளம்பி வருமட்டும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டே வந்தாள். தேவகனியும் அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள்.